‘நிசு’வைத் திருத்தாதீர்கள்: புலம்பெயர்ந்த பின்லாந்துக்காரர்களுக்கு மொழி, பண்பாட்டுப் பேச்சு நடத்தும் வழி

பின்லாந்தில் வேலை பார்த்த காலத்தில் பின்னிஷ் கற்றுக்கொண்டேன். பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடிக்கு, சுப்பீரியர் ஏரிப் பக்கம் குடிவந்தபோது, வீட்டு வாசல் தபால்பெட்டிகளில் மாக்கி, நியெமி, சாரி, கோஸ்கி, லஹ்தி என்று வரிசையாகப் பெயர்களைப் பார்த்ததும் தெரிந்த ஊருக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. இங்கே ஹான்காக் ஊரில் தெருப் பெயர்ப் பலகைகளிலேயே ஆங்கிலத்தோடு பின்னிஷும் உண்டு. 1860களில் இந்தப் பகுதியின் செப்புச் சுரங்கங்களுக்கு முதல் பின்லாந்துக்காரர்கள் வந்தார்கள். முதல் உலகப்போருக்குள் சுமார் 3 லட்சம் பேர் பின்லாந்தை விட்டு அமெரிக்கா வந்துவிட்டார்கள், அதில் பெரும்பங்கு மேற்குக் கடற்கரையை ஒட்டிய பொஹ்யன்மா பகுதிக்காரர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன்களும்தான் இன்று இங்கே இருப்பவர்கள்.

இவர்களுக்காக மொழி, பண்பாடு பற்றிய பேச்சு நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்ய இங்குள்ள சிலரோடு சேர்ந்து உதவி வருகிறேன். எப்படிச் செய்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். ஆரம்பத்தில் நாங்கள் வைத்த ஒரு கூட்டத்தில் உணவுப் பழக்கங்கள் பற்றிப் பேச பின்லாந்திலிருந்து வந்த ஒருவரை அழைத்திருந்தோம். நல்ல படிப்பாளி. பேச்சுக்கு நடுவே, எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி கையைத் தூக்கி, எங்கள் அம்மா சனிக்கிழமைதோறும் நிசு சுடுவார் என்றார். ஏலக்காய் இடித்துப் போட்டு, மாவைப் பின்னல் மாதிரி பின்னிச் சுடும் இனிப்பு ரொட்டி அது. பேச்சாளர் சிரித்துக்கொண்டே, அதற்குப் பெயர் புல்லா, நிசு என்று இப்போது யாரும் சொல்வதில்லை என்றார். பாட்டி கையைக் கீழே இறக்கினார். அதன் பிறகு கடைசி வரை வாயே திறக்கவில்லை, அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் வரவில்லை.

அந்தப் பாட்டி சொன்னது தப்பே இல்லை. நிசு என்பது மேற்குப் பின்லாந்தின் பழைய வட்டார வழக்கு. கோதுமைக்கும் கோதுமை ரொட்டிக்கும் அதுதான் பெயர், எஸ்தோனிய மொழியில் இன்றைக்கும் கோதுமைக்கு நிசு என்றுதான் சொல்கிறார்கள். கப்பலேறி வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கையோடு கொண்டுவந்தார்கள், ஊரில் சொல் மாறிவிட்டது, இங்கே மாறவில்லை. நூறு வருடத்துக்கு மேல் நான்கு தலைமுறை அடுப்படியில் காப்பாற்றிய ஒரு சொல்லை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களுக்கு ஒரே விதிதான்: வந்திருப்பவர்களிடம் இருக்கும் மொழியிலிருந்துதான் பேச்சு தொடங்க வேண்டும். கீழே வரும் எல்லாமே அதை எப்படி நடைமுறையில் செய்வது என்பதுதான்.

யார் வருவார்கள்?

பின்னிஷ் சரளமாகப் பேசுபவர்கள் வருவார்கள் என்று நினைத்துத் திட்டமிடாதீர்கள். இங்கே வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருபது, முப்பது சொற்கள் தெரியும். தாத்தா பாட்டியை அழைக்கும் சொல், சாப்பாட்டுப் பெயர்கள், ஒரு வசவு, ஒரு பிரார்த்தனை, அப்புறம் சௌனா. அதை ‘சானா’ என்று உச்சரித்தால் இங்கே உடனே திருத்துவார்கள், அது அவர்கள் உரிமை. ஆகவே பேச்சு ஆங்கிலத்தில், பின்னிஷ் சொற்கள் திரையில் பெரிய எழுத்தில், ஒவ்வொன்றையும் இரண்டு முறை நிதானமாகச் சொல்லிக் காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பின்லாந்திலிருந்து வந்த எல்லோருடைய தாய்மொழியும் பின்னிஷ் இல்லை. ஸ்வீடிஷ் பேசும் பின்லாந்துக்காரர்களும் கணிசமாகக் குடியேறியிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம். “நம் எல்லோருடைய மொழியான பின்னிஷ்” என்று மேடையில் சொன்னால் அவர்களை வெளியே நிறுத்திவிட்டதாக ஆகும். மதுவையும் நடனத்தையும் பொதுவாகத் தவிர்க்கும், லெஸ்தாடியஸ் என்ற போதகர் வழிவந்த லூத்தரன் சபைக் குடும்பங்கள் வருகிற ஊராக இருந்தால், நிகழ்ச்சி முடிவில் மதுவும் நடனமும் வைப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பு

“பின்லாந்துப் பண்பாடு: ஓர் அறிமுகம்” என்று வைத்தால் பத்துப் பேர் வருவார்கள். “உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?” என்று வைத்துப் பாருங்கள், நாற்காலி போதாது. எங்களுக்கு நன்றாக நடந்த பேச்சுகளில் இதுதான் முதலிடம். மேக்கி என்றால் குன்று, நியெமி முனை, சாரி தீவு, கோஸ்கி ஆற்றில் நீர் சீறிப் பாயும் இடம், லஹ்தி வளைகுடா, யார்வி ஏரி. ‘லா’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஒருவருடைய வீடு அல்லது பண்ணை, அதாவது மத்தி என்பவரின் இடம் மத்திலா. மேற்குப் பகுதியில் ஒருவர் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் அந்தப் பண்ணையோடு மாறிவிடும், அதனால்தான் வம்சாவளி தேடுபவர்கள் ஒரே தாத்தாவுக்கு மூன்று பெயர்களைப் பார்த்துக் குழம்புகிறார்கள். இங்கே வந்தபின் மேக்கி மேல் இருந்த இரண்டு புள்ளிகள் காணாமல் போய் மாக்கி ஆனது, சிலர் அதை மொழிபெயர்த்து ஹில் என்றே வைத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது ஒவ்வொருவராக எழுந்து என் பெயர் என்ன, என் மாமியார் பெயர் என்ன என்று கேட்பார்கள். ஒரு மணி நேரப் பேச்சில் இருபது நிமிடம்தான் நீங்கள் பேசியிருப்பீர்கள். அதுதான் வெற்றி.

நாட்காட்டியைப் பயன்படுத்துங்கள், விளம்பர வேலை பாதியாகக் குறையும். பிப்ரவரி 28 கலேவலா நாள், 1835-இல் எலியாஸ் லென்ரோட் பின்லாந்தின் தேசியக் காவியமான அதன் முதல் வடிவத்துக்கு முன்னுரை எழுதிக் கையெழுத்திட்ட தேதி. ஏப்ரல் 9 பின்னிஷ் மொழி நாள், 1540களில் முதல் அரிச்சுவடி நூலையும் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும் தந்த மிக்கேல் அக்ரிகோலா 1557-இல் இறந்த நாள். டிசம்பர் 6 சுதந்திர நாள், அன்று மாலை ஜன்னலில் இரண்டு மெழுகுவத்திகள் ஏற்றுவார்கள். ஜனவரியில் ஹெய்க்கி நாள் வரும், குளிர்காலம் பாதி கடந்துவிட்டது, தூங்கும் கரடி புரண்டு படுக்கிறது என்பார்கள். ஹான்காக்கில் அதை ஊரே கூடிக் கொண்டாடுகிறது.

இன்றைய பின்லாந்து பற்றியும் வருடத்துக்கு ஒரு பேச்சாவது வையுங்கள். பலர் மனதில் இருப்பது தாத்தா விட்டுவந்த 1905-ஆம் ஆண்டுக் கிராமம். அதற்கு அடுத்த வருடமே, 1906-இல், பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் வந்துவிட்டது என்று சொன்னால் பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம், 2023-இல் நேட்டோ என்று அங்கிருந்து கொண்டுவாருங்கள். உலகிலேயே மகிழ்ச்சியான நாடு என்ற பட்டியல் செய்தியை மட்டும் விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் ஏற்கனவே படித்திருப்பார்கள்.

பேச்சாளர்

அமெரிக்காவில் இருந்தால் பின்லாண்டியா பவுண்டேஷன் நேஷனலைக் கேளுங்கள். அமெரிக்கப் பின்லாந்துக்காரர்களுக்காக 1953-இல் தொடங்கிய அமைப்பு. வருடந்தோறும் ஒரு பேச்சாளரையும் ஒரு கலைஞரையும் தேர்ந்தெடுத்துக் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள். ஹான்காக்கில் 1896-இல் சுவோமி கல்லூரியாகத் தொடங்கிய பின்லாண்டியா பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டபோது, அதன் பின்னிஷ் அமெரிக்கப் பாரம்பரிய மையத்தையும் ஆவணக் காப்பகத்தையும் எடுத்துக் காப்பாற்றியதும் இந்த அமைப்புதான். துர்க்கு நகரில் உள்ள குடிபெயர்வு ஆய்வு நிறுவனம், ஹெல்சிங்கியில் 1927 முதல் இயங்கும் சுவோமி செய்யூரா ஆகியவையும் வெளிநாட்டுப் பின்லாந்துக்காரர்கள் தொடர்பான விஷயங்களைக் கவனிக்கின்றன. ஸ்வீடனில் நிலைமை வேறு. அங்கே பெரிய அலையாகப் போனது 1960களின் கடைசியிலும் 1970-ஐ ஒட்டியும்தான். மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது, 2000 முதல் பின்னிஷ் அங்கே தேசியச் சிறுபான்மை மொழியும்கூட. பல நகராட்சிகள், பின்னிஷ் பேசுபவர்களுக்குக் கூடுதல் மொழி உரிமை தரும் ‘பின்னிஷ் நிர்வாகப் பகுதி’யில் சேர்ந்திருப்பதால் முதலில் நகராட்சியின் கதவைத் தட்டுங்கள், பிப்ரவரி 24 ஸ்வீடன் பின்லாந்துக்காரர் நாளுக்கு நிகழ்ச்சி வைக்க அவர்களே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

யாரை அழைத்தாலும் ஒரு வாரம் முன்பே போனில் பேசிவிடுங்கள். நான் மூன்று விஷயம் சொல்வேன். ஒன்று, 35 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு, இங்கே கேட்கும் சொற்கள் உங்களுக்குப் பழையதாகவோ கலப்படமாகவோ தோன்றலாம், திருத்தாதீர்கள், எங்கே யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது, நிசு கதையை அப்படியே சொல்லிவிடுவேன். இதைக் கேட்டபின் பேச்சையே மாற்றி எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

மொழியை எப்படிக் காட்டுவது?

பதினைந்து வேற்றுமைகள் என்று பட்டியல் போட்டால் கூட்டம் மனதுக்குள் எழுந்து போய்விடும். காதிலிருந்து தொடங்குங்கள். துலி, தூலி, துல்லி. முதலாவது தீ, இரண்டாவது காற்று, மூன்றாவது சுங்கம். தமிழில் எழுதினால் ஒரு விளக்கமும் தேவையில்லை, நமக்குக் குறிலும் நெடிலும் ஒற்றும் பால்குடி பாடம். ஆனால் ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த காதுக்கு மூன்றும் ஒன்றுதான். நான் கைதட்டச் சொல்வேன்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டிய கையைப் பிரிக்காமல் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பது, ஒற்று இரட்டித்தால் தட்டுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தம். ஐந்து நிமிடத்தில் எழுபது வயதுக்காரர்கள் மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நல்ல மைக் வேண்டும், இரையும் மைக்கில் நெடில் காணாமல் போய்விடும்.

அடுத்து அமெரிக்கப் பின்னிஷ். சுரங்கத்துக்கு மைனா, காருக்குக் காரா, படுக்கையறைக்குப் பெத்திரூமா, ஏரிக்கு லேக்கி. ஆங்கிலச் சொல்லின் பின்னால் பின்னிஷ் வால் ஒட்டிய சொற்கள் இவை. வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள், எங்கள் பின்னிஷ் கெட்டுப்போனது என்று. அங்கேதான் நிறுத்தி விளக்க வேண்டும்: சொல்தான் கடன், இலக்கணம் பின்னிஷ். காரில் போவதைக் ‘காரல்லா’ என்பார்கள், வேற்றுமை உருபு பின்னிஷ் விதிப்படி பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. நாம் ‘கார்ல’ போகிற மாதிரியேதான். ஒலி ஒத்துப்போவது தற்செயல், ஒட்டுகிற முறை ஒன்று. (உங்கள் மொழியும் எங்கள் மொழியும் சொந்தமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னிஷும் அடங்கிய ஒரு பெரிய தொகுதியோடு சேர்த்துப் பார்த்தார், இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை என்று சொல்வேன். அந்தப் பதிலே அவர்களுக்குப் பிடித்துப் போகும்.)

கலேவலாவை விளக்காதீர்கள், வாசியுங்கள். 1849-இன் விரிந்த வடிவத்தில் 50 பாடல்கள், 22,795 அடிகள். பத்து அடி போதும். காவிய நாயகனைச் சொல்லும் “வகா வன்ஹா வைனாமொய்னென்” என்று தொடங்கும்போதே மோனை காதில் விழுந்துவிடும். அமெரிக்கர்களுக்கு அந்தத் தாளம் ஏற்கனவே பழக்கம்தான், ஏனென்றால் லாங்ஃபெலோ 1855-இல் இதே சுப்பீரியர் ஏரிக் கரையில் நடக்கும் தன் ஹையவாத்தா காவியத்துக்கு எடுத்துக்கொண்ட தாளம் கலேவலாவுடையதுதான். ஒரு கலேவலா நாளில் பின்னிஷ் அடிகளை ஒரு முதியவர் வாசிக்க, உதயணன் தமிழாக்கம் செய்து 1994-இல் வந்த கலேவலாவிலிருந்து அதே பகுதியை நான் தமிழில் வாசித்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முடிந்ததும் இன்னொரு முறை வாசியுங்கள் என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

வலிக்கும் விஷயங்கள்

வட அமெரிக்காவின் பின்லாந்துக்காரர்கள் நெடுங்காலம் இரண்டாகப் பிரிந்திருந்தவர்கள்: தேவாலயத்துக்காரர்கள் ஒரு பக்கம், தொழிலாளர் ஹால் சிவப்புக்காரர்கள், அதாவது இடதுசாரிகள், ஒரு பக்கம். பின்லாந்தில் 1918-இல் நடந்த உள்நாட்டுப் போர் அந்தப் பிளவை இன்னும் ஆழமாக்கியது. 1913 கிறிஸ்துமஸ் முந்தைய நாள், கால்யுமெட் ஊர் இத்தாலியன் ஹாலில் வேலைநிறுத்தத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்தபோது யாரோ ‘தீ’ என்று கத்த, தீயே இல்லாத கட்டடத்தின் மாடிப்படியில் நசுங்கி 73 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள், அதிலும் அதிகம் பின்லாந்துக் குடும்பத்துக் குழந்தைகள். 1930களின் தொடக்கத்தில் இங்கிருந்தும் கனடாவிலிருந்தும் 6,000 பேருக்கு மேல் பின்லாந்து எல்லையை ஒட்டிய சோவியத் கரேலியாவைக் கட்டியெழுப்பப் போனார்கள், ஸ்டாலின் ஆட்சியின் 1937-38 பயங்கரத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். போனவர்களின் தங்கை மகள், அண்ணன் பேரன் இன்றும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

இவற்றைத் தவிர்க்க வேண்டாம், மக்கள் கேட்க விரும்புவது இதைத்தான். ஆனால் இடம் முக்கியம். தேவாலயக் கூடத்திலோ பழைய தொழிலாளர் ஹாலிலோ வைக்காமல் ஊர் நூலகத்தில் வையுங்கள். அறிவிப்பிலேயே தலைப்பைத் தெளிவாகப் போடுங்கள், ஒருவரும் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. பேச்சாளர் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் பெயர்களையும் தேதிகளையும் கடிதங்களையும் முன்வைக்கட்டும். முடிந்ததும் உடனே கேள்வி நேரம் வைக்காமல் காபிக்கு விடுங்கள்.

காபி

இதைக் கடைசியில் சொல்வதால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். காபி குடிப்பதில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் மக்கள் இவர்கள். எங்கள் வரிசை இப்படி: பேச்சு, 25 நிமிடம் காபி, அதன் பிறகு கேள்விகள். முதலில் நேராகக் கேள்விக்குப் போனபோது நீண்ட அமைதிதான் கிடைத்தது, அதை ஆர்வமின்மை என்று தப்பாக எடுத்துக்கொண்டோம். கையில் கோப்பை வந்த பிறகுதான் பக்கத்து ஆளிடம் பேச்சு தொடங்குகிறது, அங்கே சூடான கேள்விகள்தான் பிறகு மேடைக்கு வருகின்றன. மேடையில் அமைதி வந்தால் பதறி நிரப்பாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

பலகாரம் கடையில் வாங்க வேண்டாம். நிசுவும் அடுப்பில் வாட்டிய யூஸ்தோ பாலாடைக்கட்டியும் யாராவது வீட்டிலிருந்து வரட்டும், சுட்டவர் பெயரையும் அந்தச் செய்முறை யாரிடமிருந்து வந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதித் தட்டுக்கு முன்னால் வையுங்கள்.

காபி மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மேசை. அதில் வெற்று அட்டைகளும் தடித்த பேனாக்களும். ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரி: சொல், வீட்டில் அதற்கு என்ன அர்த்தம், யார் சொல்லிக் கேட்டது, அவர்கள் எந்த ஊர்க்காரர். எழுத்துக் கூட்டல் பற்றிக் கவலை வேண்டாம், காதில் விழுந்தபடி எழுதட்டும். கை நடுங்குபவர்களுக்கு எழுதித் தர ஒரு இளைஞரை உட்கார வையுங்கள், சம்மதித்தால் போனிலேயே அவர்கள் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். தேதி போட்டு, அனுமதிக் கையெழுத்தோடு ஒரு பிரதியை அருகிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள், இன்னொன்று குடும்பத்துக்கு.

நேரம், பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஒரு குளிர்காலத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் பனி கொட்டும், வருபவர்கள் வயதானவர்கள், எனவே பிற்பகல் 2 மணி, இருட்டுவதற்குள் வீடு. சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், பத்து நிமிடம் முன்பே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம், காபி மேசையில் ஒரு டப்பா போதும். பழைய ஹால் இருந்தால் அதிலேயே முடிந்தவரை நடத்துங்கள், வலிக்கும் தலைப்புகள் மட்டும் நூலகத்தில். கனடாவில் தண்டர் பே ஊரின் பின்னிஷ் தொழிலாளர் ஹால் 1910-இல் கட்டியது, 2021 டிசம்பரில் ஒரே நாளில் எரிந்து போனது. இருக்கும் ஹாலில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும்.

அந்தப் பாட்டியை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம், எங்களுக்கு நிசு சுடச் சொல்லித் தருவீர்களா என்றும் கேட்டோம். அடுத்த கூட்டத்துக்கு மாவைப் பிசைந்தே எடுத்துவந்து, மேடை மேசையில் வைத்து, மூன்று இழையாகப் பின்னிக் காட்டினார். கையைப் பார்க்காமலே பின்னினார். சொல் மேசையில் அன்று சேர்ந்த முதல் அட்டையில் அவர் எழுத்தில் இருப்பது: நிசு, சனிக்கிழமை ரொட்டி, அம்மா, கவுஹாயொகி.